காற்று ஓர் எண் அல்ல

நெடுந்தூர இலக்குச் சுடுதலைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்போதெல்லாம் ஒரு கருத்து சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மைபோல முன்வைக்கப்படுகிறது. காற்று என்பது தீர்ந்துபோன பிரச்சினை என்பதே அந்தக் கருத்து. கையில் ஒரு காற்றுமானி, தூரத்தை அளக்க ஒரு லேசர் கருவி, கைப்பேசியில் ஒரு கணிப்புச் செயலி இருந்தால் போதுமாம். அளந்த எண்ணைச் செயலியில் இட்டால், பார்வைக் கருவியை எத்தனை சொடுக்கு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அது சொல்லிவிடும். குண்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போவதால் வரும் விலகலையும், பூமி சுழல்வதால் வரும் விலகலையும்கூட அதுவே கணக்கில் சேர்த்துவிடும். சுடுபவர் செய்ய வேண்டியது விசையை ஒழுங்காக அழுத்துவது மட்டுமே. அப்படியும் குண்டு விலகிப் போனால் அது அன்றைய அதிர்ஷ்டம்.

இந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். இதன் அடியில் இருக்கும் இயற்பியல் தவறு. அதன் மேல் கட்டிய நடைமுறையும் தவறு. இது யாரோ சிலருடைய வறட்டு விவாதம் என்று விட்டுவிடவும் முடியாது. புதிதாக இந்த விளையாட்டுக்கு வருகிற இளைஞர்கள் இதை நம்பிப் பணத்தைக் கருவிகளில் கொட்டுகிறார்கள். கண்ணைப் பழக்க வேண்டிய முதல் சில ஆண்டுகளைச் சின்னத் திரையைப் பார்த்தே கழித்துவிடுகிறார்கள். அந்த இழப்பைப் பிறகு ஈடுகட்டுவது கடினம்.

நம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்த துப்பாக்கி சுடுதல் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்கில் களமிறங்கியது அந்தப் பிரிவில். அது மூடிய அரங்கில் நடப்பது. காற்று என்ற எதிராளி அங்கே இல்லை. நான் பேசுவது அதன் மறுமுனையில் இருக்கும் விளையாட்டைப் பற்றி. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள பிஸ்லிதான் அதன் முதன்மையான களம். 1859-இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் மறு ஆண்டு விம்பிள்டன் பொதுவெளியில் தன் முதல் போட்டியை நடத்தியது. 1890-இல் பிஸ்லிக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள ஸ்டிக்கிள்டவுன் சுடுதளத்தில் 800 கெஜத்திலிருந்து 1200 கெஜம் வரை சுடலாம். மன்னர் பரிசு என்றும், அரசி ஆண்ட காலங்களில் அரசி பரிசு என்றும் வழங்கும் போட்டியின் இறுதிச் சுற்று 900, 1000 கெஜங்களில் நடக்கிறது. சுடுபவர் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். தாங்குகால் கிடையாது, ஒரு தோல்வார் மட்டும் கையையும் துப்பாக்கியையும் பிணைக்கும். தொலைநோக்கிக் குறியும் கிடையாது. சிறு துளை வழியாகப் பார்த்துத்தான் சுட வேண்டும். 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கி, 10 கிராம் எடையுள்ள குண்டு. முதல் இரண்டு குண்டுகள் பழக்கத்துக்கானவை. அதன்பின் ஒவ்வொரு குண்டும் புள்ளிக்கானது, ஒவ்வொன்றுக்கும் 45 வினாடி அவகாசம்.

1860-இல் விம்பிள்டனில் போட்டியைத் தொடங்கிவைத்த விக்டோரியா அரசி, இரும்புத் தாங்கியில் இறுக்கிப் பொருத்திய விட்வர்த் துப்பாக்கியைப் பட்டுக்கயிற்றை இழுத்துச் சுட்டார். 400 கெஜத்துக்கு அப்பால் இருந்த இலக்கின் மையத்துக்கு மிக அருகில் குண்டு பதிந்தது. துப்பாக்கி துல்லியமானதா என்ற கேள்விக்கு அன்றைக்கே பெரும்பாலும் பதில் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை தீராமல் இருப்பது, துப்பாக்கிக்கும் இலக்குக்கும் நடுவே என்ன நடக்கிறது என்ற கேள்விதான்.

முதலில் இயற்பியலை எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலானவர்கள் மனதில் இருக்கும் படம் இது: ஆற்றில் மிதக்கும் கட்டையை நீரோட்டம் தள்ளிக்கொண்டு போவதுபோல, பக்கவாட்டில் வீசும் காற்று குண்டைத் தள்ளிக்கொண்டு போகிறது. காற்றில் இருக்கும் நேரம் எவ்வளவோ விலகலும் அவ்வளவு. ஆகவே வேகமான குண்டு குறைவாக விலகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்காது.

மணிக்கு 10 மைல் வேகத்தில் நேர்ப் பக்கவாட்டாக வீசும் காற்று வினாடிக்கு 14.7 அடி நகர்கிறது. மேலே சொன்ன குண்டு வினாடிக்குச் சுமார் 2950 அடி வேகத்தில் புறப்பட்டால் 1000 கெஜத்தைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகும். காற்று அதைக் கட்டையைப் போலத் தள்ளிச் சென்றால் 22 அடி விலகியிருக்க வேண்டும். உண்மையில் விலகுவது ஏழரை அடிதான். மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு எங்கே போயிற்று?

பிரெஞ்சுப் பீரங்கிப் படை அதிகாரி இசிதோர் திதியோன் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு விடை கொடுத்துவிட்டார். குண்டு பயணத்துக்கு உண்மையில் எடுத்துக்கொண்ட நேரம் ஒன்று. காற்றுத்தடையே இல்லாத வெற்றிடத்தில் அதே தொடக்க வேகத்தில் போயிருந்தால் எடுத்துக்கொண்டிருக்கும் நேரம் இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது தாமதம். பக்கக் காற்றின் வேகத்தை அந்தத் தாமதத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். நம் குண்டு வெற்றிடத்தில் 3000 அடியை ஒரு வினாடியைச் சற்றே தாண்டிய நேரத்தில் கடந்திருக்கும். தாமதம் ஏறத்தாழ அரை வினாடி. அரை வினாடியை 14.7 அடியால் பெருக்கினால் ஏழரை அடிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. கணக்கும் களமும் ஒத்துப்போகின்றன.

ஏன் இப்படி? சுழலும் குண்டு தன் மூக்கை எதிர்வரும் காற்றின் பக்கம் திருப்பிக்கொள்கிறது. பக்கக் காற்று இருந்தால் அந்தக் குண்டுக்கு எதிர்காற்று நேர் முன்னாலிருந்து வருவதில்லை. சற்றே சாய்ந்து வருகிறது. நாம் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் அந்தச் சாய்வு தொடக்கத்தில் கால் டிகிரியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மூக்கு அந்த அளவு காற்று வரும் திசைக்குத் திரும்பிவிட்டபின், காற்றுத்தடை குண்டைப் பின்னோக்கி இழுப்பதும் அதே சாய்வில்தான். அந்த இழுப்பின் ஒரு சிறு கூறு பக்கவாட்டில் விழுகிறது. விலகல் முழுவதும் அதிலிருந்து பிறக்கிறது. காற்று குண்டின் விலாவில் மோதித் தள்ளுவதே இல்லை. தடையே இல்லாத குண்டு ஒன்று இருந்தால், புயலில் சுட்டாலும் விலகாது.

இதை நம்ப மறுப்பவர்களுக்கு மலிவான சோதனை ஒன்று இருக்கிறது. சிறிய .22 துப்பாக்கித் தோட்டாவில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே, வினாடிக்குச் சுமார் 1070 அடியில் புறப்படுவது. மற்றது ஒலியை மிஞ்சி 1250 அடியில் புறப்படுவது. வேகமானது இலக்கை முந்திச் சேர்கிறது. காற்றில் இருக்கும் நேரம் குறைவு. ஆனால் 100 கெஜத்தில் அதே 10 மைல் காற்றில் வேகமானதுதான் ஏறத்தாழ ஓர் அங்குலம் அதிகமாக விலகுகிறது. ஒலி வேகத்தை ஒட்டிய எல்லையில் காற்றுத்தடை திடீரென்று ஏறுவதால், வேகமான குண்டு தன் வேகத்தை விரைந்து இழக்கிறது, தாமதம் கூடுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியில் உலகத்தின் சிறந்த சுடுநர்கள் எல்லோரும் மெதுவான வகையையே விரும்பி எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நேரம்தான் எல்லாம் என்ற கொள்கை இந்த ஒரு உதாரணத்திலேயே விழுந்துவிடுகிறது.

அடுத்து, இதைவிட ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை ஒன்று: இலக்கின் அருகே வீசும் காற்றுதான் முக்கியம், ஏனென்றால் அங்கே குண்டு களைத்து மெதுவாகிவிடுகிறது. அனுபவசாலிகளே இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதில் பாதி உண்மை உண்டு. மெதுவான குண்டைக் காற்று எளிதில் திருப்பும் என்பது சரி. ஆனால் துப்பாக்கிக்கு அருகிலேயே குண்டின் பாதை ஒரு சிறு கோணம் திரும்பிவிட்டால், மீதித் தூரம் முழுவதும் அந்தக் கோணத்திலேயே போய்க்கொண்டிருக்கும். காற்று நின்றுவிட்டாலும் விலகல் வளர்ந்துகொண்டேயிருக்கும். கடைசி நூறு கெஜத்தில் எவ்வளவு திரும்பினாலும் அது வளர்வதற்கு இடமில்லை. 1000 கெஜத்தை மூன்று சம பங்காகப் பிரித்து, முழுப் பாதையிலும் ஒரே சீரான காற்று வீசுவதாகக் கொண்டு, மேலே சொன்ன குண்டுக்குக் கணக்கிட்டால், மொத்த விலகலில் முதல் பங்கின் காற்றுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 44, நடுப் பங்குக்கு 38, இலக்கை ஒட்டிய கடைசிப் பங்குக்கு 18 என்று வருகிறது. சர்வதேசச் சுடுதல் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிகள் 50 மீட்டர் தளத்தில் காற்றுக்கொடிகளை 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் வைக்கச் சொல்கின்றன. அந்த ஏற்பாடும் இந்தக் கணக்கோடு பொருந்திப் போகிறது.

இங்கே மறுதரப்பு உடனே எழுந்து நிற்கும். முதல் பங்குதான் முக்கியமென்றால், என் கையில் இருக்கும் காற்றுமானி அந்த முதல் பங்கில்தானே நிற்கிறது, அது அளப்பதுதானே அதிக எடையுள்ள காற்று என்று கேட்கும். இதுவே அவர்களுடைய வலுவான வாதம். தட்டிக்கழிக்காமல் பதில் சொல்ல வேண்டியது.

முதல் பங்கு என்பது 333 கெஜம். காற்றுமானி நிற்பது ஒரே ஒரு புள்ளியில், அதுவும் பெரும்பாலும் சுடுகோட்டுக்குப் பின்னால், மனிதர்களும் வண்டிகளும் மரங்களும் காற்றை மறைக்கும் இடத்தில். குண்டு தரையை ஒட்டியும் போவதில்லை. 1000 கெஜத்தை எட்ட வேண்டிய அந்தக் குண்டு நடுவழியில் பார்வைக் கோட்டுக்கு மேல் பத்தடி அளவுக்கு ஏறி இறங்குகிறது. உயரம் கூடக் காற்றின் வேகமும் கூடும் என்பது பட்டம் விட்ட எவருக்கும் தெரியும். நடுவில் ஒரு பள்ளம் இருந்தால் தரையிலிருந்து குண்டின் உயரம் இன்னும் கூடும். ஒரு பக்கம் மரவரிசை முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் காற்று வேறாகிவிடும். ஆக, மானி காட்டுவது அது நிற்கும் இடத்தின் காற்றை, அந்தக் கணத்தின் காற்றை. பாதையின் காற்றை அது காட்டவில்லை.

அதைவிடக் கெடுதல் செய்வது அந்தத் திரையில் தெரியும் தசமப் புள்ளி. 6.3 என்று கருவி காட்டியதும் மனம் அதை உண்மையாக எடுத்துக்கொள்கிறது. மணிக்கு ஒரு மைல் தவறாகக் கணித்தால் 1000 கெஜத்தில் நம் குண்டு ஒன்பது அங்குலம் தள்ளிப் போகும். அமெரிக்க நெடுந்தூர இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 20 அங்குலம். மையத்திலிருந்து விளிம்புக்குப் பத்து அங்குலம். அதாவது ஒரு மைல் தவறு முழு வட்டத்தையும் தின்றுவிடுகிறது. தொலைநோக்கியும் தாங்குகாலும் அனுமதிக்கும் எஃப்-கிளாஸ் பிரிவில் அந்த வட்டம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அங்கே பயன்படும் நீளமான குண்டுகள் குறைவாக விலகினாலும், ஒரு மைல் தவறுக்கு மன்னிப்பு கிடையாது. பாதையில் ஐந்தாறு வெவ்வேறு காற்றுகள் வீசும் இடத்தில், ஒரு புள்ளியின் வேகத்தைத் தசமம் வரை அறிந்து என்ன பயன்?

திசையையும் பார்க்க வேண்டும். கடிகார முகம்போலத் திசையைச் சொல்வது வழக்கம்: இலக்கு 12 மணியில்; 3 மணியிலிருந்தோ 9 மணியிலிருந்தோ வருவது முழுப் பக்கக் காற்று. நேருக்கும் பக்கத்துக்கும் சரிநடுவே 45 டிகிரியில் வரும் காற்றுக்குப் பாதி மதிப்பு என்று இன்னமும் பலர் கற்றுக்கொடுக்கிறார்கள். அது தவறு, அதன் மதிப்பு நூற்றுக்கு 71. பாதி மதிப்பு வருவது 30 டிகிரியில், 1 மணித் திசையில். இந்தப் பிழை ஒன்றே 10 மைல் காற்றில் 1000 கெஜத்தில் ஒன்றரை அடிக்கு மேல் விலக்கிவிடும்.

எல்லாவற்றிலும் கொடியது எதிரேயிருந்து வந்து இரு பக்கமும் மாறி மாறி வாலாட்டும் காற்று. மணிக்கு 12 மைல் வேகத்தில் அது 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையே ஊசலாடினால், பக்கவாட்டு மதிப்பு இடப்பக்கம் ஆறு மைலிலிருந்து வலப்பக்கம் ஆறு மைலுக்கு மாறுகிறது. இலக்கில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பது அடி! இத்தனைக்கும் காற்றின் வேகம் மாறவேயில்லை. வேகத்தை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர் எண் அப்படியே இருக்கிறதே என்று சுடுவார். கொடியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் விரலை விசையிலிருந்து எடுத்துக் காத்திருப்பார்.

அடுத்து, செயலிகள் பெருமையாகக் காட்டும் சுழல் விலகலும் கோரியோலிஸ் விளைவும். இரண்டும் உண்மையானவை, நான் மறுக்கவில்லை. குழலுக்குள் வலப்பக்கமாகச் சுழற்றி விடப்படும் குண்டு தானாகவே சற்று வலப்பக்கம் ஒதுங்கும். 1000 கெஜத்தில் அது எட்டு முதல் பத்து அங்குலம். பூமியின் சுழற்சியால் வடகோளத்தில் எல்லாக் குண்டும் வலப்பக்கம் விலகும். பிஸ்லி இருக்கும் 51 டிகிரி அட்சரேகையில் இதே தூரத்துக்கு அது மூன்று அங்குலம். சென்னையின் அட்சரேகையில் ஓர் அங்குலம்கூட வராது. இவற்றைப் பற்றி மணிக்கணக்கில் விவாதம் நடக்கிறது. விவாதிக்க இனிமையானவை என்பதால்தான் நடக்கிறது. விடை ஒரு சூத்திரத்தில் கிடைத்துவிடுகிறது, வாதம் செய்பவருக்கு அறிவாளி என்ற உணர்வும் கிடைத்துவிடுகிறது.

ஆனால் இலக்குச் சுடுதலில் தூரம் தெரிந்தது, திசை மாறாதது, குண்டும் ஒன்றே. ஆகவே இந்த இரண்டு விலகல்களும் ஒவ்வொரு குண்டிலும் ஒரே அளவு, ஒரே பக்கம். பழக்கக் குண்டுகள் இரண்டிலேயே அவை வெளிப்பட்டுவிடும். அந்தத் தூரத்துக்கான தொடக்க நிலையைக் குறித்துவைத்துக்கொண்டால் அதிலேயே அடங்கிப்போகும். மாறாத ஒன்றைத் தனியே கணக்கிட வேண்டிய தேவை சுடுபவருக்கு இல்லை. ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே மாறுவது காற்று மட்டுமே. மூன்று அங்குலத்தைச் சூத்திரத்தால் பிடித்துவிட்டு மூன்றடியைக் கவனிக்காமல் விடுவதை நான் அறிவியல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கவனிக்கப்பட வேண்டிய ஒரு நுட்பத்தை, வேடிக்கையாக, இந்த விவாதங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பக்கக் காற்று குண்டைப் பக்கவாட்டில் மட்டும் விலக்குவதில்லை; சற்றே மேலும் கீழுமாகவும் விலக்குகிறது. வலச்சுழற்சியுள்ள குண்டுக்கு வலமிருந்து காற்று வந்தால் இடப்பக்கம் போய்ச் சற்று ஏறும். இடமிருந்து வந்தால் வலப்பக்கம் போய்ச் சற்று இறங்கும். காற்று மாறி மாறி வீசிய நாளில் இலக்கின் குண்டுத்தடங்கள் மேல் இடமூலையிலிருந்து கீழ் வலமூலைக்குச் சாய்ந்து கிடப்பது இதனால்தான். இது காற்றோடு சேர்ந்து மாறுகிறது. ஆகவே கவனிக்கத் தகுந்தது.

எதிர்த்தரப்புக்கு நியாயம் செய்ய வேண்டிய இடத்துக்கு வருகிறேன். தூரம் தெரியாத இலக்குகளைப் பழக்கக் குண்டே இல்லாமல் முதல் குண்டிலேயே அடிக்க வேண்டிய போட்டிகள் இருக்கின்றன. அங்கே சுழல் விலகலைச் சேர்ப்பது கடமை. காற்றுமானியும் ஒரு தொடக்கப் புள்ளியைத் தரும். குண்டு எவ்வளவு கீழிறங்கும் என்பதைக் கணிப்பதில் செயலிகள் செய்திருக்கும் வேலை அபாரமானது. வெப்பநிலையும் காற்றழுத்தமும் மாறும்போது உயரத்தை எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதை இன்று அவை நொடியில் சொல்கின்றன. புவியீர்ப்பு ஒரே சீரானது. அதனால் அது கணக்குக்குக் கட்டுப்படுகிறது. பாதை முழுவதும் உள்ள காற்றை லேசர் ஒளியால் அளக்கும் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. அப்படியொரு கருவி ஒரு நாள் எல்லோர் கைக்கும் வந்து, விதிகளும் அதை ஏற்றால், இந்தக் கட்டுரையின் பாதியை நான் திருத்தி எழுதத் தயார். ஆனால் கையில் இல்லாத கருவியின் பேரில் கையில் இருக்கும் கருவியைப் புகழ முடியாது.

உயரம் தீர்ந்தது, காற்று தீரவில்லை என்பதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டியதில்லை. காற்றுள்ள ஒரு நாளில் நெடுந்தூரத்தில் சுட்டு முடித்த எந்த இலக்கையும் பாருங்கள். தடங்கள் மேலும் கீழும் சிதறியிருப்பதைவிட இடமும் வலமும் அகன்று சிதறியிருக்கும். துப்பாக்கி, தோட்டா, சுடுபவரின் கை ஆகிய மூன்றின் குறையும் மேல்கீழ்ச் சிதறலில் தெரிந்துவிடும். அதற்கு மேல் பக்கவாட்டில் எவ்வளவு அகன்றிருக்கிறதோ அவ்வளவும் காற்றைப் படிப்பதில் செய்த பிழை.

இந்தப் பிழையைத்தான் அதிர்ஷ்டம் என்கிறார்கள். கருவி சொன்னபடி செய்தேன், குண்டு விலகிவிட்டது, ஆகவே என் தவறில்லை என்ற வாதம் இது. கருவி மோகத்தின் கடைசி அடைக்கலம். ஒரு நாளின் ஒரு சுற்றில் அதிர்ஷ்டத்துக்கு இடமுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். காலையில் சுட்டவருக்கு அமைதியும் மாலையில் சுட்டவருக்குக் கொந்தளிப்பும் வாய்க்கலாம். ஆனால் அதிர்ஷ்டம்தான் தீர்மானிக்கிறது என்றால் பிஸ்லியின் வெற்றியாளர் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும். ஆர்தர் ஃபுல்டன் 1912, 1926, 1931 என மூன்று முறை மன்னர் பரிசை வென்றார். நடுவில் ஓர் உலகப் போரே வந்துபோயிற்று. அவருடைய தந்தை 1888-இலும் மகன் 1958-இலும் அதையே வென்றார்கள். 1930-இல் மார்ஜரி ஃபாஸ்டர் ஆண் படைவீரர்களின் களத்தில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்று அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்ணானார். இவர்களில் எவரிடமும் செயலி இல்லை. கொடியும் கானலும் குறிப்பேடும் கண்ணும் இருந்தன.

அணிப் போட்டிகள் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. 1876-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள கிரீட்மூர் களத்தில் தொடங்கிய பால்மா போட்டி இன்றும் 800, 900, 1000 கெஜங்களில் நாடுகளுக்கிடையே நடக்கிறது. ஓர் அணிக்கு 16 சுடுநர்கள். காற்றைக் கணிப்பது அவர்கள் வேலையே இல்லை. ஒவ்வொரு சுடுநருக்கும் பின்னால் தொலைநோக்கியோடு ஒரு கோச் உட்கார்ந்திருப்பார். பக்கவாட்டுக் குறியை எவ்வளவு நகர்த்துவது, எப்போது சுடுவது, எப்போது பொறுப்பது என்பதெல்லாம் அவர் முடிவு. சுடுபவர் திருத்தமாகச் சுட்டுவிட்டு, விசை விழுந்த கணத்தில் குறி எங்கே இருந்தது என்று உண்மையாகச் சொன்னால் போதும். காற்று தீர்ந்துபோன பிரச்சினையாக இருந்தால், உலகின் சிறந்த அணிகள் தங்கள் கூர்மையான மூளைகளைச் சுடவிடாமல் இப்படிப் பின்னால் உட்கார்த்தி வைக்குமா?

அந்தக் கோச் என்ன பார்க்கிறார்? முதலில் கானலை. வெயில் சுட்ட தரையிலிருந்து எழும் அலைகளைத் தொலைநோக்கியில் பார்க்க முடியும். இலக்கின் மேல் இருக்கும் குவியத்தைச் சற்று இப்பால் கொண்டுவந்தால் நடுவழியில் ஓடும் கானல் கண்ணில் படும். அது காற்றோடு ஓடுகிறது, அதுவும் நமக்குத் தேவையான பக்கவாட்டுக் கூற்றை மட்டும் காட்டி ஓடுகிறது. கோணத்தைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டியதில்லை. பக்கவாட்டு ஓட்டம் நின்று கானல் செங்குத்தாகக் கொதித்தால் எச்சரிக்கை. பெரும்பாலும் காற்று திசை மாறப்போகிறது. பழகியவர்கள் கொதிக்கும் கானலில் சுடத் தயங்குவார்கள். காற்று பலமாகிவிட்டால் கானல் தட்டையாகி வேக வித்தியாசம் தெரியாமல் போகும். அப்போது கொடிக்குத் திரும்ப வேண்டும். கொடிக்கும் அதன் குணங்கள் உண்டு. மழையில் நனைந்த கொடி கனத்து, இருக்கும் காற்றைக் குறைத்துக் காட்டும். கம்பத்தின் மறைவில் நிற்கும் கொடி பொய் சொல்லும். நீண்ட வரிசையில் எந்தக் கொடி முதலில் எழுகிறது, எது பின்தொடர்கிறது என்று பார்த்தால், காற்றுவீச்சு வந்து சேர்வதற்கு முன்பே அதன் வரவு தெரிந்துவிடும். கருவி நடந்து முடிந்ததைச் சொல்கிறது. கொடி வரிசை வரப்போவதைச் சொல்கிறது. 45 வினாடிக்குள் முடிவெடுக்க வேண்டியவருக்கு எது தேவை?

இதற்கெல்லாம் மேலாக இருக்கிற சான்று முந்தைய குண்டு. துப்பாக்கியிலிருந்து இலக்கு வரை, எல்லா உயரத்திலும், எல்லாக் காற்றையும் ஊடுருவிப் போய்வந்த ஒரே அளவுகோல் அதுதான். சுட்ட கணத்தில் நான் வைத்திருந்த காற்றுக் கணிப்பு எட்டு மினிட். குறி மையத்தில் இருந்தது. குண்டு ஒரு மினிட் வலப்பக்கம் பதிந்தது என்றால், இடமிருந்து வந்த காற்று உண்மையில் ஒன்பது மினிட்டுக்கு உரியது என்று அந்தக் குண்டு அறிவித்துவிட்டது. மினிட் என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 1000 கெஜத்தில் பத்தரை அங்குலம். இப்போது அடுத்த கேள்விக்கு விடை கண்டால் போதும்: அந்தக் குண்டு போனபோது இருந்த காற்றுக்கும் இப்போது இருக்கும் காற்றுக்கும் என்ன வித்தியாசம்? வேகமா, கோணமா, இரண்டுமா? இதைத்தான் குறிப்பேட்டில் குண்டுக்குக் குண்டு எழுதுகிறார்கள். போட்டிக்கு முன் சிறிது நேரம் சும்மா பார்த்திருந்து, அன்றைய காற்றின் மேலெல்லையையும் கீழெல்லையையும் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு அந்த இரு எல்லைக்குள் இப்போது எங்கே இருக்கிறோம் என்று மட்டும் தீர்மானிக்கிறார்கள். வித்தியாசத்தை அறியும் கலை இது. காற்றின் முழு அளவை எவரும் அறியப்போவதில்லை, அறியவும் வேண்டியதில்லை.

இந்த மரபு கைவிட்டுப்போவதைப் பார்க்கையில் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பயிற்சி கொடுப்பவர்கள் முதல் பாடத்திலேயே கருவியைக் கையில் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சங்கங்கள் அடுத்த கருவிக்குச் செலவிடும் பணத்தில் தங்கள் தளத்தின் முதல் பாதியிலும் நடுவிலும் இன்னும் சில கொடிகளை நட வேண்டும். மூடிய அரங்கில் பழகி, 50 மீட்டர் திறந்த தளத்துக்கு வரும் நம் நாட்டு இளைஞர்களுக்கும் இது பொருந்தும். அந்தச் சிறு தூரத்திலேயே காற்று ஆட்டம் காட்டும். மலிவான தோட்டாவில் இந்தப் படிப்பைத் தொடங்க அதைவிட நல்ல இடம் இல்லை.

வாசகரே, நீங்கள் சுடுபவராக இருந்தால் அடுத்த முறை தளத்துக்குப் போகும்போது காற்றுமானியைப் பையிலேயே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு குண்டையும் சுடும் முன் காற்று எவ்வளவு என்று உங்கள் கண் சொல்வதைத் தாளில் எழுதுங்கள். சுட்டபின் குண்டு சொன்னதை அதன் பக்கத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று நெருங்கி வரும்வரை செய்யுங்கள். கருவியை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.